மாதம்மாவின் சொம்பும் மகளின் லேப்டாப்பும்

"அம்மா... மறுபடியும் போச்சு!"

முன் அறையிலிருந்து இந்தக் குரல் வந்தபோது நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். களி கிண்டுகிறவளைப் பாதியில் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கட்டி தட்டிவிடும். இருந்தாலும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

போனது கரண்ட் இல்லை. ஃபேன் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. போனது என் மகளின் லேப்டாப் திரை. கன்னங்கரேல் என்று இருந்தது. அதில் அவள் முகமும், பின்னால் எட்டிப் பார்க்கிற என் முகமும்தான் தெரிந்தன. இரண்டுமே பார்க்கச் சகிக்கவில்லை.

என் மகள் நித்யாவைப் பற்றி, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் அவ்வப்போது சொல்லியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பில்லிங் பிரிவில் வேலை. படித்து முடித்ததிலிருந்து ஹாஸ்டல் வாசம். இந்த முறை கம்பெனி ஒரு நல்ல வார்த்தை சொன்னது. ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். தடங்கல் இல்லாமல் நடந்தால் அப்படியே தொடரலாம். நடக்கவில்லை என்றால், பெட்டியைக் கட்டிக்கொண்டு பழையபடி ஹாஸ்டல்.

அவள் காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். இவள் இனி இங்கேதான். என் பக்கத்தில்தான். எத்தனை வருஷம்தான் ஃபோனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருப்பது? என் கணவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "அவ வேலை, அவ இஷ்டம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

முன் அறையில் ஒரு பழைய மேஜை உண்டு. இரும்புக் கால், மேலே பிளைவுட் பலகை. அதைத் துடைத்து, துணி விரித்து, அவளுடைய ஆபீஸ் ஆக்கினோம். முதல் நாளே பிரச்சினை ஆரம்பித்துவிட்டது. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். திடீரென்று திரை அணைந்துவிடும். அதுவும் எப்போது? மேனேஜரோடு மீட்டிங் நடக்கிறபோது!

முதலில் நான் வைத்தியம் பார்த்தேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு கண்ணு" என்றேன். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வைத்தியம் அது ஒன்றுதான். நான் இன்னமும் இந்தப் பத்தியைப் பேப்பரில் எழுதி, ஃபோட்டோ பிடித்து அனுப்புகிற ஆள். நித்யா சும்மா இருப்பாளா? பேட்டரியா, சார்ஜரா, அப்டேட்டா, டிரைவரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ("டிரைவர் எங்கடி இருக்கான்?" என்று நான் கேட்டதற்கு அவள் முறைத்த முறைப்பு இருக்கிறதே...) கடைசியில் செட்டிங்கில் எதையோ மாற்றினாள். அதற்குப் பிறகு ஒரு முன்னேற்றம். திரை மட்டும் அணையும், மீட்டிங் அறுந்து போகாது. மேனேஜர் பேசுவது கேட்கும், இவள் முகமும் அவருக்குத் தெரியும். இவளுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

இதனால் நிலைமை இன்னும் மோசமானது. மேனேஜர் ஒரு பில்லைக் காட்டி, "நித்யா, மூணாவது வரியில என்ன இருக்குது?" என்று கேட்பார். இவள் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பாள். அந்த முழி அவருக்கு அழகாகத் தெரியும். அவர் கன்னடக்காரர். பெயர் பசவராஜ். நம் ஆட்களோடு பேசிப் பேசி நன்றாகத் தமிழ் வரும்.

"என்னம்மா, நான் கேள்வி கேட்டா மட்டும் உங்க ஸ்கிரீன் போகுதா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

நியாயமான கேள்வி. நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

லேப்டாப்பைக் கொண்டு வரச் சொன்னார்கள். கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து பஸ் மாறி, பெங்களூர் போய்க் கொடுத்தாள். அங்கே நாள் முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை. "குறை எதுவும் இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். குறை இல்லாத அந்த லேப்டாப்பை எங்கள் வீட்டு மேஜையில் வைத்து, மீட்டிங்குக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்... டப். இருட்டு.

வீட்டு வோல்டேஜ் சரியில்லை என்றார் என் கணவர். ஃபிரிஜ்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு வந்து லேப்டாப்புக்கு மாட்டினார். லேப்டாப் அணைந்தது. ஃபிரிஜ்ஜில் இருந்த மாவும் பொங்கி வழிந்தது.

பக்கத்து வீட்டு மாதம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"கண்ணு பட்டுடுச்சுக்கா. பாப்பா வூட்ல உக்காந்துகினே சம்பாரிக்குதுன்னு ஊரே பாக்குது. சும்மா வுடுமா?"

அன்று சாயங்காலமே உப்பு, மிளகாய் எடுத்து லேப்டாப்புக்குச் சுற்றினேன். "அம்மா, உப்பு கீபோர்டுக்குள்ள போயிடும்மா!" என்று நித்யா கத்தினாள். அடுப்பில் போட்ட மிளகாயின் நெடியில் வீட்டில் மூவரும் இருமினோம். லேப்டாப் மட்டும் இருமவில்லை. மறுநாள் வழக்கம்போல அணைந்தது.

இங்கேதான் நான் இன்னொரு பொருளை அறிமுகப்படுத்த வேண்டும். அது என் கணவரின் காந்தம்.

எங்கள் ஊரில் கோடை வந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்குவார்கள். இறக்குகிறபோது ஸ்பேனர் விழும், போல்ட் விழும், சில சமயம் இடுப்பில் செருகிய வண்டிச் சாவியும் விழும். விழுந்ததை எடுக்க என் கணவரிடம் ஒரு காந்தம் இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவில் ஒரு பெரிய ஸ்பீக்கர் வெடித்துப்போனபோது, சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டு வாங்கி வந்தது. சப்பாத்திக் கல் அகலம். நடுவில் ஓட்டை. அதில் கயிறு கட்டிக் கிணற்றில் விட்டால், என்ன விழுந்திருந்தாலும் கவ்விக்கொண்டு மேலே வரும். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருக்கிற மரியாதையில் பாதி அந்தக் காந்தத்தால் வந்தது.

அதை இரவல் வாங்க ஒரு சட்டம் உண்டு. முன்பெல்லாம் கிணற்றில் குடம் விழுந்தால், கொக்கி கொக்கியாகத் தொங்கும் பாதாளக் கரண்டி வாங்கப் போவார்கள் இல்லையா? அதை யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள். பதிலுக்கு ஒரு சொம்பு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சொம்பு கைக்கு வரும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் கணவர் அந்தச் சட்டத்தை அப்படியே காந்தத்துக்கும் போட்டுவிட்டார்.

காந்தத்தை அதிகம் வாங்குகிறவள் மாதம்மாதான். அவள் வீட்டுக்காரர் சின்னராசு கையில் எதுவும் தங்காது. அவர் கிணற்றடிக்குப் போனாலே மாதம்மா சொம்பைக் கழுவி எடுத்து வைத்துவிடுவாள். பித்தளைச் சொம்பு. கழுத்தில் அவள் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்று, அதை முன் அறை அலமாரியில், மேஜைக்கு நேர் மேலே வைப்பேன்.

வாராவாரம் பத்தி எழுதுகிறவளுக்குக் கவனிப்பதுதானே வேலை? கவனித்தேன்.

ஒரு நாள் காலையில் மாதம்மா சொம்பை வைத்துவிட்டுக் காந்தத்தை வாங்கிப் போனாள். அன்று முழுக்க லேப்டாப் அணையவில்லை. மறுநாள் காந்தத்தைக் கொடுத்துவிட்டுச் சொம்பை எடுத்துப் போனாள். மீட்டிங்கில் திரை போய்விட்டது. அடுத்த வாரம் மறுபடி சொம்பு வந்தது. லேப்டாப் ஓடியது. சொம்பு போனது. லேப்டாப் படுத்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்டுபிடித்துவிட்டேன்!

"கண்ணு, மாதம்மா சொம்பு நம்ம வூட்ல இருந்தா உன் லேப்டாப் ஆஃப் ஆவறதில்ல."

நித்யா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்ஜினியரிங் படித்த பெண். அப்புறம் நாட்களை யோசித்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லம்மா," என்றாள். பிறகு மெல்ல, "ஆனா அடுத்த தடவ சொம்பு வந்தா சீக்கிரம் திருப்பிக் குடுத்துடாத" என்றாள்.

சந்தைக்குப் போய் அதே மாதிரி ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். பலிக்கவில்லை. நம் சொம்புக்கு அந்த ராசி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இதற்கு நடுவில் பசவராஜ் ஒரு தேதி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நித்யா தனியாக எல்லாக் கணக்கையும் டீம் முன்னால் விளக்க வேண்டும். அன்றும் திரை போனால், திங்கட்கிழமை ஆபீசுக்கு நேரில் வந்துவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை மாதம்மாவிடம் போனேன்.

"மாதம்மா, அந்தச் சொம்ப ஒரு ரெண்டு நாளைக்குக் குடேன்."

"எதுக்குக்கா?"

எதுக்கு என்று சொல்ல முடியுமா? ஊரே சிரிக்காதா?

"சும்மாதான்..."

"காந்தம் வாங்காம சொம்ப மட்டும் எப்பிடிக்கா குடுக்கறது? அது ஆவாது."

"அப்ப காந்தத்தையும் வாங்கிக்கோ!"

"எங்க கெணத்துல ஒண்ணும் வுழலியே. வுழறதுக்கு முன்னாடியே காந்தத்த வாங்கி வச்சா, அப்புறம் அந்த மனுசன் மோட்டாரையே உள்ள போட்டுடுவாரு."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நித்யா சரியாகச் சாப்பிடவில்லை. "திங்கட்கிழம போற மாதிரி இருந்தா, ஊறுகா போட்டுக் குடும்மா" என்றாள். என் கணவர் தட்டைப் பார்த்தபடியே எழுந்துவிட்டார். அவர் தட்டில் பாதிக் களி அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். படித்தவள், நாலு பேருக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவள் செய்யக்கூடாத காரியம். என் கணவரின் டூல் பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். வேலி ஓரமாகப் போய், யாரும் பார்க்காதபோது, மாதம்மா கிணற்றில் போட்டேன்.

குபுக்!

திட்டம் எளிமையானது. அவள் கிணற்றில் பொருள் கிடக்கிறது. எடுக்கக் காந்தம் வேண்டும். காந்தம் வேண்டும் என்றால் சொம்பு வர வேண்டும்.

"மாதம்மா! எங்கூட்டு ஸ்பேனரு உங்க கெணத்துல வுழுந்துடுச்சு!" என்று கத்தினேன்.

மாதம்மா ஓடி வந்தாள். சின்னராசுவும் வந்தார். "நான் இல்லைங்க, சத்தியமா நான் இல்லைங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. சத்தம் கேட்டு என் கணவரும் வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் போனார். காந்தத்தோடு திரும்பினார்.

நான் மாதம்மாவின் கையைப் பார்த்தேன். வெறுங்கை.

"சொம்பு எங்கடி?"

"நான் எதுக்குக்கா சொம்பு தரணும்? ஸ்பேனரு உங்குளுது. காந்தம் உங்குளுது. அண்ணன்தான் எடுக்கறாரு. கெணறு மட்டுந்தான எங்குளுது?"

"ஆமா, நம்ம பொருளுக்கு நம்ம காந்தம். சொம்பு எதுக்கு?" என்றார் என் கணவர்.

சட்டம் என்னைக் கைவிட்டது. மணி பதினொன்று தாண்டிவிட்டது. சொம்பு இல்லை. மீட்டிங் ஆரம்பித்திருக்கும். என் பெண் கறுத்த திரை முன்னால் முழித்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை பஸ் ஏறிவிடுவாள். வீட்டை நோக்கி ஓடினேன்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தால்... திரை எரிகிறது!

நித்யா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். பில் பில்லாக விளக்குகிறாள். பசவராஜ் கேள்வி கேட்கிறார். டக்கென்று பதில் சொல்கிறாள். அலமாரியைப் பார்த்தேன். மாதம்மா சொம்பு இல்லை. நான் வாங்கிய ராசியில்லாத சொம்பு மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? ஓடினால் சரி. கதவோரம் நின்று, தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் காலடிச் சத்தம். என் கணவர். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் துண்டால் துடைத்த காந்தம். கயிற்றை வெளியே காயப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இரும்மா, இத அதோட எடத்துல வச்சிட்டு வந்துடறேன்" என்று கிசுகிசுத்தார்.

கேமராவில் தெரியக் கூடாது என்று குனிந்தார். பதுங்கிப் பதுங்கிப் போனார். அப்படியே மேஜைக்கு அடியில் நுழைந்தார்.

டக்.

காந்தம் மேஜைக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் போய் ஒட்டிக்கொண்ட சத்தம். திரை அணைந்தது.

நித்யா குனிந்து பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியிலிருந்து அவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அப்பா... அத எடுங்க."

எடுத்தார். திரை வந்தது.

"வைங்க."

டக். போனது.

"எடுங்க!"

வந்தது.

"அய்யோ அப்பா! எத்தன நாளா இத இங்க வைக்கறீங்க?"

"எப்பவுமே இங்கதான் கண்ணு. ஆணி வேணாம், ஒண்ணும் வேணாம். வச்சா புடிச்சுக்கும். வெளில வச்சா துரு ஏறிடும்ல?"

பிற்பாடு அவள் விளக்கியது இதுதான். லேப்டாப் மூடியில் துளியூண்டு காந்தம் இருக்கும். மூடினால் அந்தக் காந்தம் கீழே நெருங்கும். "மூடிட்டாங்க" என்று புரிந்துகொண்டு லேப்டாப் திரையை அணைத்துவிடும். பேசும்போதெல்லாம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது நித்யாவின் பழக்கம். இழுத்தால் அது சரியாகக் காந்தத்துக்கு நேர் மேலே வந்து உட்காரும். அது தன்னை யாரோ மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். மாதம்மா சொம்பு வீட்டுக்கு வந்த நாட்களில் எல்லாம் காந்தம் அவள் வீட்டில் இருந்தது... அவ்வளவுதான்!

உள்ளே வந்த சொம்பை நான் பார்த்தேன். வெளியே போன காந்தத்தைப் பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் வாழ்க்கையில் பாதி விஷயங்களுக்கு நாம் இப்படித்தான் நன்றி சொல்லிக்கொண்டும் பழி போட்டுக்கொண்டும் இருக்கிறோம், இல்லையா?

ஆனால் அந்த நிமிஷத்தில் இந்தத் தத்துவமெல்லாம் தோன்றவில்லை. என் கணவருக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

"அது சரி, என் டூல் பொட்டியில இருந்த ஸ்பேனரு மாதம்மா கெணத்துக்கு எப்பிடிப் போச்சு?"

"நான்தான் போட்டேன்!" என்று கத்தினேன். "காந்தம் வாங்க வந்தா சொம்பு வெப்பாளேன்னுதான் போட்டேன்! அந்தச் சொம்பு இருந்தாத்தான் லேப்டாப் ஓடும்னு போட்டேன்! நீங்க காந்தத்தக் கொண்டாந்து எம்பொண்ணு லேப்டாப்புக்கு நேரா கீழ வச்சிருப்பீங்கன்னு யார் கண்டா?"

அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

மீட்டிங் அறுந்து போகவே இல்லை. நித்யா மாற்றி வைத்த செட்டிங் அது. பசவராஜும் மொத்த பில்லிங் டீமும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். என் கணவர் மேஜைக்கு அடியிலிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது உட்பட.

நித்யா முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாதம்மா கிணற்றுக்குள்ளாவது.

"அம்மா, காந்தம் வாங்கினா செம்பு வெக்கணுமா உங்க ஊர்ல?" என்று கேட்டார் பசவராஜ்.

"ஆ... ஆமாங்க சார்."

"எங்க ஊர்லயும் அதேதாம்மா. மண்டியா பக்கம். கிணத்துல கொடம் விழுந்தா கொக்கி வாங்கப் போவோம். செம்பு வெக்காம குடுக்க மாட்டாங்க. ஒரு தடவ நான் செம்பு இல்லாமப் போயி, பக்கத்து வீட்டு அஜ்ஜி, அதான் பாட்டி, துரத்தி விட்டுட்டாங்க."

அப்புறம் அவர் சிரித்தார் பாருங்கள்... டீமே சிரித்தது.

"நித்யா, நீங்க இத்தன நாள் சொன்னது எதையும் நான் நம்பலம்மா. பேட்டரி, டிரைவர்னு எல்லாரும்தான் சொல்றாங்க. இத நம்பறேன். இந்த மாதிரி பொய் சொல்ல யாராலயும் முடியாது. நாலாவது பில்லுக்குப் போலாமா?"

போனார்கள். முடித்தார்கள். அவள் இங்கேயே இருந்து வேலை பார்க்கலாம் என்று அன்று சாயங்காலமே மெயில் வந்துவிட்டது. நான் அழுதேன். சந்தோஷம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும், என்ன செய்ய?

என் கணவர் மெயிலைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு காந்தத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கங்க?"

"மாதம்மா வூட்டுக்கு. இனிமே அங்கயே இருக்கட்டும்."

"மாட்டுக் கொட்டாயில வச்சா போதாதா?"

"வேணாம். பாப்பா இருக்கற வூட்ல இது எதுக்கு? எங்க வச்சாலும் எனக்கு பயமாவே இருக்கும்."

இத்தனை நாளாக "அவ இஷ்டம்" என்று துண்டை உதறிக்கொண்டு போன மனுஷன்! மகள் எதிரில் நிற்கிறாள் என்று அவர் பார்க்கவில்லை. நித்யா போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். காந்தம் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்து அதில் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது.

மாதம்மா காந்தத்தைக் கையில் வாங்கியதும் வழக்கப்படி சொம்பைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டாள். அது இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் நிரந்தரமாக இருக்கிறது. லேப்டாப் அணைவதே இல்லை. தன் சொம்பு வந்து சேர்ந்த ராசிதான் என்று மாதம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நான் திருத்தப் போகவில்லை. ஸ்பேனர் விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டியிருக்குமே!

நேற்று எங்கள் கிணற்றில் மோட்டாரை இறக்கும்போது ஸ்பேனர் கை நழுவி உள்ளே விழுந்துவிட்டது. என் கணவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் வந்து, நான் சந்தையில் வாங்கிய அந்த ராசியில்லாத சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு மாதம்மா வீட்டுக்குக் கிளம்பினார்... தன் காந்தத்தை இரவல் கேட்க!